860 சதுர அடி ஃபிளாட்டுக்கு இன்டீரியர் டிசைனர்: அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

நீங்கள் கேட்டிருப்பது இது. தண்டையார்பேட்டையில் 860 சதுர அடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், இரண்டாவது மாடி. பில்டர் சாவி கொடுத்துவிட்டார். இப்போது ஆனி மாதம். தை பிறந்ததும் குடி போக வேண்டும். மாமியாரும் கூட இருப்பார். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியதில் குறைந்ததற்கும் கூடியதற்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். யாரை நம்புவது, டிசைனர் தேவைதானா, எதை எதைக் கேட்க வேண்டும்?

அந்த மூன்று கொட்டேஷனையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மூன்று பேரும் ஒரே வீட்டுக்கு விலை போடவில்லை. நீங்கள் கையில் ஒன்றும் எழுதிக் கொண்டுபோகாததால் அவரவர் மனதில் இருந்த வீட்டுக்கு அவரவர் விலை போட்டிருக்கிறார்கள். ஒருவர் கப்போர்டின் உள்பக்கத்துக்கும் மைக்கா (பலகை மேல் ஒட்டும் லேமினேட் தாள்) சேர்த்திருப்பார், இன்னொருவர் வெறும் பிரைமர் அடித்து விடுவதாக நினைத்திருப்பார். இரண்டுமே தாளில் "வார்ட்ரோப்" என்றுதான் இருக்கும். அளவும் தரமும் எழுதி வாங்காத வரை இந்தத் தொழிலில் விலையை ஒப்பிடவே முடியாது. ஆகவே வேலை உங்கள் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

டிசைனரைப் பார்க்கும் முன்

இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாக உட்காருங்கள். எத்தனை புடவை ஹேங்கரில் தொங்குகிறது, எத்தனை மடித்து அடுக்கியிருக்கிறது, சட்டை பேன்ட் தொங்க எத்தனை அடி கம்பி வேண்டும் என்று டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சூட்கேஸ், பாய், கொலு பொம்மைப் பெட்டி, சீர்வரிசைப் பித்தளைப் பாத்திரங்கள் எல்லாம் பரணுக்குப் போகிற சாமான்கள். அவற்றில் மிகப் பெரியது எதுவோ அதன் உயரத்தையும் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பரணின் கதவு 18 அங்குலம், அண்டா 20 அங்குலம் என்றால் அந்த அண்டா எப்போதும் பால்கனியில்தான் இருக்கும்.

சமையலறைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள், பணமும் சண்டையும் அதிகம் நடக்கும் இடம் அதுதான். 25 கிலோ அரிசி மூட்டையை எங்கே வைப்பீர்கள்? கிரைண்டர் மேடையிலேயே நிரந்தரமாக இருக்குமா, அல்லது வாரம் இரண்டு முறை எடுத்து வைப்பதா? நிரந்தரம் என்றால் மேடையில் இரண்டடி அதற்கே போய்விடும், பக்கத்தில் பிளக் பாயின்ட்டும் வேண்டும். மேடையின் உயரத்தை முடிவு செய்ய, அதிகம் சமைப்பவர் முழங்கையை மடித்து நிற்க வேண்டும். தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் நான்கைந்து அங்குலம் கழித்தால் அவருக்கு வசதியான உயரம் கிடைக்கும். பொதுவாக 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். மாமியாரும் நீங்களும் உயரத்தில் மிகவும் வேறுபட்டால், தினமும் அதிக நேரம் நிற்பவரின் அளவை எடுங்கள்.

வடசென்னை வீட்டில் மீன் ஒரு தனிக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வாங்கி வந்து வீட்டிலேயே ஆய்கிற பழக்கம் இருந்தால், அதை முதல் சந்திப்பிலேயே டிசைனரிடம் சொல்லிவிடுங்கள். யுடிலிட்டி பால்கனியில் 9 அல்லது 10 அங்குல ஆழமுள்ள ஒற்றைத் தொட்டி சிங்க், பக்கத்தில் ஒன்றரை அடி கிரானைட் மேடை, தனிக் குழாய், செதில் போய் அடைக்காதபடி கழற்றிக் கழுவக்கூடிய ஜாலி ஆகிய நான்கும் அங்கே இருக்க வேண்டும். ஹாலும் கிச்சனும் ஒன்றாகத் திறந்திருக்கும் ஓப்பன் கிச்சன் படத்தில் அழகு. தினமும் தாளிப்பும் வாரம் இரண்டு முறை மீன் வறுவலும் நடக்கும் வீட்டில் வாசனை சோபாத் துணியில் ஏறிவிடும். கண்ணாடி ஸ்லைடிங் கதவாவது போடச் சொல்லுங்கள்.

அடுத்தது புது ஃபிளாட்டை அளப்பது. ஒவ்வொரு அறையிலும் தரையிலிருந்து சீலிங், பீமின் அடிப்பக்கம், ஜன்னல் திண்டு ஆகிய மூன்று உயரங்களையும் குறியுங்கள். லிஃப்ட் கதவின் அகலம், மாடிப்படியின் அகலம், படி திரும்பும் இடம், வாசல் நிலையின் உள் அகலம் ஆகியவற்றையும் சேருங்கள். பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி. அது லிஃப்டில் போகாது, படியில் திரும்ப வேண்டும். சோபாவும் கட்டிலும் கழற்றி மாட்டும் வகையா என்று இந்த அளவை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். தெரு குறுகல் என்றால் டாடா ஏஸுக்கு மேல் பெரிய வண்டி உள்ளே வராது. தெருமுனையில் இறக்கித் தூக்கி வரும் கூலி யார் கணக்கு என்பதையும் முன்பே கேளுங்கள்.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை போதும். ஓர் அடிக்கு ஓர் அடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவர், கிச்சன் சிங்கின் பின்பக்கம், மழை அடிக்கும் வெளிச்சுவர் ஆகியவற்றில் கட்டாயம் செய்யுங்கள். ஈரமுள்ள சுவரில் கப்போர்டை ஒட்டி வைத்தால் முதல் மழைக்காலத்திலேயே துணியில் பூஞ்சை வாடை வரும், பின்பலகை உப்பும். சாவி வாங்கிய புதிதில் இதைக் கண்டுபிடித்தால் சரிசெய்து தர வேண்டியது பில்டர். மரவேலை முடிந்த பிறகு கண்டுபிடித்தால் பில்டர் ஆசாரியைக் காட்டுவார், ஆசாரி பில்டரைக் காட்டுவார்.

பட்ஜெட்டைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆனால் மொத்தத் தொகையில் நூற்றுக்குப் பதினைந்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைத்தான் டிசைனரிடம் சொல்ல வேண்டும். கொசுவலை, திரைச்சீலை, சிம்னி, ஃபேன், லைட், குழாய், ஏ.சி. ஸ்டாண்டு, குப்பை அள்ளும் செலவு ஆகியவை பெரும்பாலான கொட்டேஷனில் இருக்காது. 18 சதவீத ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதும் பலருக்குக் கடைசி பில்லில்தான் தெரியவரும்.

யாரைப் பிடிப்பது

ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு வேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று போர்டு வைக்க அப்படி எந்தப் பதிவும் சட்டத்தில் கட்டாயமில்லை. அதனால் பட்டத்தையும் ஷோரூமையும் விட, அவர் கையிலிருந்து வரும் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சந்தையில் நான்கு வகையினர் இருக்கிறார்கள். வரைபடம் மட்டும் போட்டுக் கட்டணம் வாங்கும் டிசைனர் ஒரு வகை. டிசைனோடு வேலையையும் எடுத்துச் செய்பவர் இன்னொரு வகை. மூன்றாவது, ஷோரூம் வைத்து ஃபேக்டரியில் பெட்டி செய்து மாட்டும் மாடுலர் கம்பெனி. நான்காவது, சொன்னதைச் செய்து தரும் கார்பென்டர் கான்ட்ராக்டர். வாரத்தில் மூன்று நாளாவது சைட்டுக்குப் போக வீட்டில் ஆள் இருந்தால், முதல் வகையிடம் வரைபடம் வாங்கி நான்காவது வகையிடம் வேலை கொடுப்பதுதான் இந்த அளவு வீட்டுக்குச் சிக்கனம் என்பது என் கணிப்பு. இருவருமே வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இரண்டாவது வகை நல்லது, ஒருவரே முழுப் பொறுப்பு. மாடுலர் கம்பெனி வேலையில் ஓரப்பட்டி (பலகையின் வெட்டிய ஓரத்தை மூடும் மெல்லிய பட்டை) மெஷினில் ஒட்டப்படுவதால் ஃபினிஷிங் சுத்தமாக இருக்கும். ஆனால் சுவர் நேராக இல்லாத இடத்தில் அவர்களுடைய நிலையான அளவுப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே விழும் இடைவெளியைப் பலகைத் துண்டு வைத்து மூடிவிடுவார்கள், சின்ன ஃபிளாட்டில் அந்த இடம் உங்களுக்கு நஷ்டம்.

கட்டணத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். செலவு கூடக் கூட டிசைனருக்கு வரவு கூடும் ஏற்பாடு அது. சதுர அடிக்கு இவ்வளவு என்றோ மொத்தமாக இவ்வளவு என்றோ நிலையான தொகை பேசுங்கள். கடைகளிலிருந்து அவருக்குக் கமிஷன் வருமா என்பதையும் நேராகவே கேட்கலாம். மைக்கா, ஹார்டுவேர், லைட் கடைகள் டிசைனருக்குக் கமிஷன் கொடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். "கமிஷன் இருந்தால் அதை எங்கள் பில்லில் கழித்துவிடுங்கள், உங்கள் ஃபீஸைக் குறைக்கச் சொல்ல மாட்டோம்" என்று சொன்னால் நேர்மையானவர் வருத்தப்பட மாட்டார். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட், மைக்கா கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் நீங்களே போய் நான்கு கடையில் விலை விசாரித்துவிட்டு வந்தால் பேச்சு இன்னும் தெளிவாகும்.

முடித்துக் கொடுத்த வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்கும்போது போன மாதம் முடித்த வீட்டைக் கேட்காதீர்கள். எல்லா வீடும் முதல் மாதம் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் கேளுங்கள், முடிந்தால் ராயபுரம், திருவொற்றியூர் என்று கடற்காற்று படும் பகுதியில். அங்கே போனதும் சிங்கின் கீழ்க் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். மேடு பள்ளமாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கிறதா, வாடை வருகிறதா? கதவு ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் ஓரப்பட்டி கழன்று வருகிறதா? கீலில் செம்புள்ளி விழுந்திருக்கிறதா? மூன்று கதவுகளை ஒன்றாக மூடிப் பார்த்தால் நடுவில் உள்ள கோடு மேலிருந்து கீழ் வரை ஒரே அகலத்தில் இருக்கிறதா? ஐந்து நிமிடத்தில் அந்த டிசைனரின் ஆசாரி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் முழுக்கக் கொடுத்த பிறகு ஏதாவது ரிப்பேருக்குக் கூப்பிட்டபோது வந்தார்களா?

கொட்டேஷனைப் படிப்பது எப்படி

6 அடி அகலம், 7 அடி உயரம், மூன்று கதவு வைத்த ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் 2 அடிக்குப் பரண். முன்பக்கம் பார்த்தால் வார்ட்ரோப் 42 சதுர அடி, பரண் 12, ஆக மொத்தம் 54. கணக்குக்காகச் சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்தால் 81,000. இன்னொருவர் 1,350 ரூபாய் என்று சொல்லி 72,900 போட்டுத் தருகிறார். இரண்டாவது மலிவு போலத் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் டிராயருக்குத் தனி விலை, பூட்டுக்குத் தனி, பின்பலகை கிடையாது, சுவரே பின்பக்கம் என்றால் அது மலிவில்லை.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது: பிளைவுட் தாள் எண்ணுவது. 2 அடி ஆழமுள்ள அந்த வார்ட்ரோபுக்குப் பரண் இல்லாமல் பக்கப்பலகை இரண்டு, நடுத்தடுப்பு இரண்டு, ஒவ்வொன்றும் 14 சதுர அடி, மொத்தம் 56. மேல் கீழ்ப் பலகைகள் 24. இரண்டுக்கு இரண்டில் பத்து தட்டு 40. கதவு மூன்று சேர்த்து 42. ஆக 162 சதுர அடி. ஒரு தாள் 32 சதுர அடி, வெட்டும்போது வீணாவதையும் சேர்த்தால் 18 மி.மீ. பிளைவுட் ஐந்தரையிலிருந்து ஆறு தாள், பின்பக்கத்துக்கு 6 மி.மீ.யில் இரண்டு தாள். கொட்டேஷனில் எழுதியிருக்கும் விலையை இந்தத் தாள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். சைட்டில் வந்து இறங்கும் தாளையும் எண்ணுங்கள். நான்கு தாள்தான் வந்தது, வேலை முடிந்துவிட்டது என்றால் எங்கோ 12 மி.மீ. அல்லது வேறு பலகை போயிருக்கிறது என்று அர்த்தம்.

கிச்சனில் "ரன்னிங் ஃபீட்", அதாவது நீளத்தை மட்டும் அடியில் அளக்கும் கணக்கு வரும். எல் வடிவ மேடை, ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 6 அடி. சுவரோடு அளந்தால் 15. மூலையை ஒரு முறை மட்டும் எண்ணினால் 13. முன்பக்கம், கதவு வரும் கோட்டில் அளந்தால் 11 மட்டுமே. அடிக்கு இவ்வளவு என்று விலை சொன்னவர் இந்த மூன்றில் எதை அளக்கிறார் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான்கு அடி வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ஒவ்வொரு வரியிலும் இவை இருக்க வேண்டும்: பலகையின் வகை, கனம், பிராண்டு, வெளி மைக்கா கனம், உள் மைக்கா கனம், ஓரப்பட்டியின் கனம், கீலின் பிராண்டு, எண்ணிக்கை, டிராயர் ஓடும் சேனல் எத்தனை கிலோ தாங்கும், கைப்பிடியின் விலை வரம்பு. "நல்ல குவாலிட்டி பிளை", "பிராண்டட் ஹார்டுவேர்" என்று எழுதியிருந்தால் அந்த வரி காலி வரி.

3டி படத்தைக் காட்டி அட்வான்ஸ் கேட்பார்கள். அது ஆசைக்கான படம். ஆசாரி அதைப் பார்த்து ஒரு துளைகூடப் போட முடியாது. உங்களுக்கு வேண்டியது தரைப் படம், எலெக்ட்ரிக்கல் பாயின்ட் படம், சீலிங் படம், கிச்சனின் ஒவ்வொரு சுவருக்கும் அளவு போட்ட படம், ஒவ்வொரு வார்ட்ரோபும் கதவு திறந்த நிலையில் உட்புறப் படம். இவை கையில் இருந்தால் அதே படத்தைக் கொடுத்து மூன்று பேரிடம் விலை கேட்கலாம், அப்போதுதான் ஒப்பீடு உண்மையாகும்.

உப்புக் காற்றுக்கு ஏற்ற பொருள்

பிளைவுட்டின் இந்தியத் தர எண்களில் ஐ.எஸ். 303 என்பது பொது உபயோகத்துக்கானது, ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. பின்னதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பிரியக் கூடாது என்பது தர விதி. கிச்சன் கீழ்ப்பெட்டிக்கும் பாத்ரூம் சுவரை ஒட்டிய கப்போர்டுக்கும் 710 போடுங்கள். ஹால் டி.வி. யூனிட்டுக்கும் உள்சுவர் வார்ட்ரோபுக்கும் 303 போதும், அங்கெல்லாம் மரைன் போடச் சொல்வது வீண் செலவு. சிங்கின் கீழ்ப் பெட்டி மட்டும் பிளையே வேண்டாம், டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது பி.வி.சி. பலகை போதும். அங்கே என்றாவது ஒரு நாள் தண்ணீர் கசியும். பிளைவுட் தாளில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனியுடையது, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். தாள் வெட்டப்படும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள்.

மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு இந்தக் காற்றுக்கு ஆகாது. திருகு பிடித்த இடத்தில் ஈரம் இறங்கினால் அது தவிடு போல உதிரும், கீல் தொங்கிவிடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை, பெயின்ட் அடித்த கதவுக்குச் சரி, பெட்டிக்கு வேண்டாம்.

கதவு வளைவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா ஒட்டி உள்பக்கத்தை வெறுமனே விட்டால், திறந்த பக்கம் மட்டும் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், மூடிய பக்கம் விரியாது. ஏழடிக் கதவு வில்லாக வளைவது இதனால்தான். உள்ளே குறைந்தது 0.8 மி.மீ. மைக்கா ஒட்டுவது ஆடம்பரமில்லை. நான்கு ஓரத்துக்கும் பட்டி வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீழ் ஓரத்தைத்தான் ஆசாரிகள் விட்டுவிடுவார்கள், வீடு துடைக்கும் தண்ணீர் ஏறுவதும் அங்கேதான். ஏழடிக் கதவுக்கு நான்கு கீல் கேளுங்கள், மூன்றில் தொங்கும்.

கீலும் திருகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 தரத்தில் இருக்கட்டும். காந்தத்தை வைத்து "பாருங்கள் ஒட்டவில்லை, ஒரிஜினல்" என்று காட்டுவார்கள். 202 தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் கடற்காற்றில் அது துருப்பிடிக்கும். கீல் வந்த அட்டைப்பெட்டியில் அச்சான தர எண்ணையும் பில்லையும் பாருங்கள். திருகு விஷயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது: கீல் நல்லது, திருகு சாதாரண இரும்பு. ஒன்றைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் கட்டடத்தில் மேட் கறுப்புக் குழாய்களை வாங்காதீர்கள், இரண்டே வாரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். குரோம் துடைத்தால் போகும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்துத் தூசியை நினைத்தால் திறந்த ஷெல்ஃபும், இப்போது எல்லா டி.வி. சுவரிலும் ஒட்டுகிற கோடு கோடான பேனலும் சுத்தம் செய்பவருக்குத் தண்டனை. கண்ணாடிக் கதவு போட்ட ஷெல்ஃப் வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அலமாரியில் விளக்கு வைக்கும் இடத்துக்குப் பின்னாலும் மேலேயும் மைக்கா வேண்டாம், டைல்ஸோ கிரானைட்டோ ஒட்டுங்கள். கற்பூரக் கரி மைக்காவில் ஏறினால் போகாது, சூட்டில் பசையும் விடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. வியாசர்பாடி, கொளத்தூர், கொடுங்கையூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் 2015-ம் ஆண்டையும் 2023 டிசம்பரையும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் குறித்து, அதுவரை மரமே இல்லாமல் கிரானைட் திண்டு மேல் கப்போர்டை உட்கார வையுங்கள், பிளக் பாயின்ட்களையும் அதற்கு மேலே ஏற்றுங்கள். ராயபுரம், மண்ணடியில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் மேலே கான்கிரீட் இல்லை, தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும்தான். அங்கே ஃபால்ஸ் சீலிங் கம்பிக்கு டிரில் போட்டால் செங்கல் அசையும். கூரைக் கசிவும் மறைந்து உத்தரம் உள்ளுக்குள்ளேயே உளுக்கும். அந்த வீட்டின் உயரமே அழகு. சீலிங்கைத் தொடாத டிசைனராகப் பாருங்கள்.

சீலிங், கரண்ட், கேஸ்

ஒன்பதரை அடி உயர அறையில் ஃபால்ஸ் சீலிங் அறை முழுக்க வேண்டியதில்லை. சுவர் ஓரமாக ஒன்றரை அடி அகலத்துக்கு, நான்கைந்து அங்குலம் மட்டும் இறக்கினால் லைட்டுக்கு வழி கிடைக்கும், நடுவில் ஃபேன் பழைய உயரத்திலேயே இருக்கும். முழுக்கப் போட்டே ஆக வேண்டும் என்றால் ஃபேன் கொக்கி கான்கிரீட்டில்தான் மாட்டியிருக்க வேண்டும், ஜிப்சம் போர்டில் இல்லை. ஏ.சி. தண்ணீர்ப் பைப் சீலிங்குக்குள் போனால் அதன் சரிவை மூடும் முன்பு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. டிரைவர் (லைட்டுக்கு ஏற்றபடி கரண்ட்டை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) பழுதானால் எடுக்க ஒரு சின்ன மூடியும் கேளுங்கள்.

இரண்டு ஏ.சி., ஹீட்டர், ஓவன், இன்டக்ஷன் என்று சேர்த்தால் இ.பி. சர்வீஸின் அனுமதி லோடு போதுமா என்று எலெக்ட்ரீஷியனிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. வயரும் தனி எம்.சி.பி.யும் (லோடு கூடினால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். வீட்டுக்கு ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டை நிறுத்தும் சுவிட்ச்) இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள், பேனல் பிறகு. கிச்சன் மேடைக்கு மேல்பெட்டியின் அடியில் லைட் வேண்டும். சீலிங் லைட் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் காய் நறுக்கும் இடத்தில் உங்கள் நிழலே விழும்.

சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைத்தால் அந்தக் கதவின் அடியில் காற்றுவழி வெட்டியிருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே மட்டும் ஓட்டை வைத்துப் பயனில்லை. 14.2 கிலோ சிலிண்டரைச் சாய்க்காமல் உள்ளே தள்ள முடிகிறதா என்று வரைபடத்திலேயே பாருங்கள்.

பணமும் ஒப்பந்தமும்

பாதிப் பணத்தை முதலில் கேட்பது பழக்கம். நீங்கள் இப்படிப் பேசிப் பாருங்கள்: படங்களில் கையெழுத்திடும்போது 10 சதவீதம், பலகை சைட்டில் இறங்கி நீங்கள் எண்ணிய பிறகு 30, பெட்டிகள் சுவரில் நின்றதும் 30, கதவும் கிரானைட்டும் முடிந்ததும் 20, கடைசி 10 குடிபோய் 30 நாள் கழித்து. கடைசிப் பத்தில் இறங்கி வராதீர்கள். டிராயர் இழுக்கும் சத்தம், இறங்கிய கதவு, குழாய்க் கசிவு எல்லாம் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் முடிக்கும் தேதி, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு, எத்தனை வருடம் எதற்கு வாரண்டி, சைட்டுக்கு டிசைனர் வாரம் எத்தனை முறை வருவார், குப்பை யார் அள்ளுவது ஆகியவை இருக்கட்டும். இன்னொன்று மிக முக்கியம்: நடுவில் செய்யும் எந்த மாற்றமும் விலையோடு வாட்ஸ்அப்பில் எழுதி இரு தரப்பும் "சரி" போட்ட பிறகுதான் வேலை. "அண்ணே, இதையும் ஒரு ஷெல்ஃபா போட்டுடுங்க" என்று ஆசாரியிடம் நேராகச் சொல்வதிலிருந்துதான் கடைசி பில் சண்டை முளைக்கிறது.

பில் இல்லாமல் செய்தால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார்கள். நாளை தகராறு வந்தால் கையில் ஆதாரம் இருக்காது. பில்லும் ஒப்பந்தமும் இருந்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த வேலைக்கு அங்கேயே மனு செய்யலாம்.

உங்கள் தேதிகள்

தையில் குடி போவது என்றால் மரவேலை சரியாக வடகிழக்குப் பருவமழையில் விழும். அதைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். ஆனிக்குள் நோட்டும் அளவும், ஆடி முடிவதற்குள் எல்லாப் படமும் கையெழுத்தாகட்டும். ஆவணியில் சுவர் வெட்டு, வயரிங், பிளம்பிங், சீலிங் ஃபிரேம். பாத்ரூமில் கைவைத்திருந்தால் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் கீழ் வீட்டில் ஓதம் வருகிறதா என்று பார்ப்பதும் அப்போதுதான். புரட்டாசிக்குள் பலகை வெட்டி, இரு பக்கமும் மைக்கா ஒட்டி, பெட்டி நிற்க வேண்டும். தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து நாள் வேலை நிற்கும், வெளிமாநில ஆசாரிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதை அட்டவணையிலேயே எழுதுங்கள். மழை நாட்களில் மரத்துக்குப் பாலிஷும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட்டும் அடிக்க விடாதீர்கள், ஈரம் உள்ளே மாட்டி வெள்ளையாகப் பூக்கும். அந்த ஃபினிஷ் வேண்டவே வேண்டாம், மைக்காவிலேயே முடித்துக்கொள்ளலாம். கடைசி கோட் பெயின்ட்டை டிசம்பர் பின்பாதிக்குத் தள்ளுங்கள், மழை விட்ட பிறகு. அதுவரை வாரம் ஒரு முறை கப்போர்டு கதவுகளையெல்லாம் திறந்து வைத்து ஃபேனைப் போட்டுவிட்டு வாருங்கள்.